ஏழாம் கிரீனில் சக்கரத் தடம்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் பல் தேய்ப்பதற்குள் கிளப் செயலாளர் ஜெயசீலன் போன். கோல்ஃப் மைதானத்துக்குள் தள்ளுவண்டிகளை அனுமதித்து ஆறு மாதம் ஆகிறது. மட்டைப் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற மூன்று சக்கர வண்டிகள். இப்போது ஆளாளுக்கு இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்துகிறார்கள், இஷ்டப்பட்ட வழியில் ஓட்டுகிறார்கள். “முப்பத்தோரு வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டரா இருந்தவர் நீங்க. வண்டிக்கு விதி எழுத உங்களை விட்டா வேற யாரு சார்?” என்றார். ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தும் சரி என்றேன்.

ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். குழி இருக்கிற வழவழப்பான புல்தரையின்மேல், அதாவது கிரீன்மேல், எந்தக் காரணம் கொண்டும் சக்கரம் ஏறக்கூடாது. கிரீனுக்கும் அதையொட்டிய மணல்பள்ளத்துக்கும் நடுவே ஓட்டக்கூடாது. வண்டியை அடுத்த குழிக்குப் போகிற பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். முன்பக்கம் நிறுத்திவிட்டு, ஆடி முடித்து, அதை எடுக்கத் திரும்பி நடந்தால் பின்னால் வருகிறவன் தேவுடு காக்க வேண்டியதுதான். சரிவில் பிரேக் போட வேண்டும். அடுத்தவர் மட்டையை ஓங்கும்போது வண்டியை உருட்டக்கூடாது. வேகமாக வருகிற கோஷ்டிக்கு ஒதுங்கி வழி விட வேண்டும். இதையெல்லாம் படித்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

செண்பகம் எட்டிப் பார்த்துவிட்டு, “தள்ளுவண்டின்னா அதுல சுண்டலாவது இருக்கணும்ங்க. வெறும் குச்சியைத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு இவ்வளவு சட்டமா?” என்றாள். மனைவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ விதி எழுதியிருக்கிறார்கள்.

நானே வண்டி வாங்கியது ஜூன் மாதம். அதற்கு முன்னால் ஏழு வருஷம் சகாயம்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருவான். வாய் ஓயாது. “ஐயா, இடப்பக்கம் மேடு.” “ஐயா, இடப்பக்கம் பள்ளம்.” நான் என்ன சின்னக் குழந்தையா? இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டி பேசாது. அது ஒன்றே போதும்.

செப்டம்பர் 5, வெள்ளி

விதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டி முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை. ஏழாம் கிரீனில் சக்கரத் தடம். அந்தக் கிரீனின் வலப்பக்கமாகத்தான் பாதை போகிறது. கிரீன் இடது கைப்பக்கம் இருக்கும். எவனோ பாதையை விட்டு ஏறி, கிரீனின் ஓரத்தில் பத்தடி தூரம் உருட்டிக்கொண்டு போயிருக்கிறான். முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் ஏறின இரண்டு கோடு, மழை ஈரத்தில் விரல் ஆழம்.

புல்லைப் பார்த்துக்கொள்கிற பேச்சியம்மாள் மண்டியிட்டு, சின்ன முள்கரண்டியால் மண்ணைக் கிளறித் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். “புல்லு கூடி வர ஒம்பது நாளாகும்யா” என்றாள். நிமிரவில்லை. யாரைப் பார்த்தாய் என்று கேட்டேன். “நான் என்னத்தக் கண்டேன்” என்றாள். இந்த ஊரில் ஒருத்தரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். சர்வீஸில் இருந்தபோதும் இதே கதைதான்.

செப்டம்பர் 6, சனி

செண்பகம் காபி டம்ளரை மறுபடியும் மேசையின் இடது ஓரத்தில் வைத்தாள். மறுபடியும் கவிழ்ந்தது. எத்தனை தடவை சொல்வது.

செப்டம்பர் 8, திங்கள்

கிளப் வாசலில் வெள்ளையடித்த கல் ஒன்றை எந்தப் புத்திசாலியோ பாதையை ஒட்டிப் பதித்திருக்கிறான். இடித்து, என் வண்டியின் இடது பின்சக்கரம் கீறிக்கொண்டது. வாட்ச்மேன், “அந்தக் கல்லு நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருக்குங்க” என்கிறான். வாய் கொழுப்பு.

புதுச் சக்கரம் வர ஒரு மாதமாகும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற மாரிச்சாமியிடம் கொடுத்து, கீறலின்மேல் ஒரு ரப்பர் பட்டை வைத்துக் குறுக்காகத் தைத்துக்கொண்டேன். நல்ல வேலைக்காரன். ஆறு தையல், இம்மி பிசகில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் செண்பகம் கண் மருந்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நானே விட்டுக்கொள்கிறேன், வைத்துவிட்டுப் போ என்றேன். மதுரை டாக்டர் போன வருஷம் எழுதிக் கொடுத்தது. விட்டால் அரை மணி நேரம் எரிகிறது. நேராகப் பார்த்தால் நாள்காட்டியில் ராகு காலம் வரைக்கும் படிக்கிறேன். எனக்கு எதற்கு மருந்து?

செப்டம்பர் 10, புதன்

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஷகீலா பேகம். புது மெம்பர். கடைவீதியில் தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடை அவளுடையது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வண்டி வைத்திருக்கிறாள், கைப்பிடியில் குடை, தண்ணீர் பாட்டில், துண்டு, சகலமும் தொங்கும். இன்று மூன்றாம் கிரீனுக்கு முன்பக்கம் நட்டநடுவில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆடி முடித்து, ஆடி அசைந்து திரும்பி வந்து, ஸ்கோர் எழுதிக்கொண்டு, தண்ணீர் குடித்து... நான் பின்னால் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

“அறிவிப்புப் பலகையைப் படிக்கிற வழக்கம் உண்டா?” என்று கேட்டேன்.

“சாரி சார். அடுத்த குழிப் பக்கம் நிறுத்தணும், மறந்துட்டேன். இனிமே பாத்துக்கறேன்.”

“ஏழாம் கிரீனிலயும் மறந்துதான் ஏத்துனீங்களா?”

முகம் மாறிவிட்டது. “நான் கிரீன்மேல ஏத்தவே இல்லை சார்” என்றாள். முப்பத்தோரு வருஷத்தில் ‘நான்தான் சார் இடிச்சேன்’ என்று ஒருத்தன்கூட என்னிடம் சொன்னதில்லை.

இன்று மூன்று பந்து தொலைந்தது. புல்லை ஒழுங்காக வெட்டுவதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஏழாம் கிரீனில் மறுபடியும் தடம்! அதே இடம், அதே ஓரம். பழைய காயமே ஆறவில்லை.

நேராக ஜெயசீலன் அறைக்குப் போனேன். அறிவுரையெல்லாம் வேலைக்காகாது, கிரீன்மேல் ஏற்றினவர் யாராக இருந்தாலும் ஒரு வருஷம் வண்டி கொண்டுவரக்கூடாது என்று விதி போடுங்கள் என்றேன். அவர் இழுத்தார். “கொஞ்சம் கடுமையா இல்லையா சார்?”

சர்வீஸில் இருந்தபோது வந்த ஒரு லாரிக்காரன் கதையை அவருக்குச் சொன்னேன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், நாற்பது வயசு, லைசென்ஸ் புதுப்பிக்க வந்தான். ஓட்டிக்காட்டச் சொன்னபோது இடது ஓரத்தில் வைத்திருந்த டிரம்மை இரண்டு தடவையும் தட்டினான். முகத்துக்குப் பக்கவாட்டில் விரலை நீட்டினேன், தெரியவில்லை. “ஐயா, நேரா நல்லாத் தெரியுதுங்க. ஓரம் மட்டுந்தான் கொஞ்சம்” என்று காலில் விழுந்தான். “ஓரத்துலதானப்பா மனுசன் நடப்பான்” என்று சொல்லி, ஃபெயில் என்று எழுதினேன். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன். விதி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஜெயசீலன் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

விதி நிறைவேறியது. ஒரு வருஷத் தடை. என் வாசகத்தை ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

என் டிரைவிங் லைசென்ஸ் இம்மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. விண்ணப்பத்தில் டாக்டரிடம் பார்வைச் சான்று வாங்கி வைக்க வேண்டுமாம். எனக்கே! மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். காரை எடுத்தே நான்கு மாதமாகிறது. மலைப்பாதையில் இப்போது ஓட்டுகிறவர்கள் லட்சணத்துக்கு எடுக்காமலிருப்பதே நல்லது.

செப்டம்பர் 17, புதன்

காலையில் மூடுபனி, பிறகு சாரல். ஆடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, தனியாக ஒன்பது குழி ஆடினேன். எனக்கு முன்னால் போனது அந்தக் கத்தரிப்பூ வண்டி ஒன்றுதான்.

ஏழாம் கிரீனில் ஒரு வாளியும் முள்கரண்டியும் அநாதையாகக் கிடந்தன. பேச்சியம்மாளைக் காணோம். ஆடுகிற இடத்தில் சாமானைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள் போலிருக்கிறது. ஜெயசீலனிடம் சொல்லி வைக்க வேண்டும்.

மாலை ஜெயசீலனே கூப்பிட்டார். மூன்றாவது தடம். காலையில் ஏழாம் குழியைத் தாண்டியது இரண்டே பேர்: ஒன்று அந்தப் பெண், இன்னொன்று நான். பெயரைச் சொல்லிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி கமிட்டி முன்னால் வந்து விளக்கம் சொல்லச் சொல்லிக் கடிதம் போகிறதாம். அதுவரை தடத்தை மூட வேண்டாம் என்று பேச்சியம்மாளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

செண்பகத்துக்கு மூட்டுவலி, தைலம் வேண்டும். ஊரில் நல்ல தைலம் கிடைப்பது ஒரே கடையில்தான். போனேன்.

ஷகீலா தைலத்தைப் பொட்டலம் கட்டினாள். கொடுக்கும்போதுதான் கேட்டாள். “நீங்க கண்ணால பாத்தீங்களா சார்?”

“பார்க்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டாலே தெரியும்.”

“காலைல ஆறரைக்குப் போவேன், எட்டரைக்குக் கடை திறக்கணும். அந்த ரெண்டு மணி நேரந்தான் சார் நாள்ல எனக்குன்னு இருக்கு. எனக்குத் தோள்ல பை தூக்க முடியாது, ஆபரேஷன் பண்ணின தோள். வண்டி இல்லேன்னா நான் ஆட முடியாது. தெரிஞ்சுதான் சொன்னீங்களா?”

தெரியாது. அதற்கும் விதிக்கும் என்ன சம்பந்தம் என்றும் தெரியவில்லை. வெளியே வரும்போது வாசலில் நிறுத்தியிருந்த யாருடைய ஸ்கூட்டரோ என்மேல் சாய்ந்து விழுந்தது. கடைப் பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். வெட்கக்கேடு.

செப்டம்பர் 22, திங்கள்

கணக்குப் போட்டாலே தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஏழாம் கிரீன் தடத்தை அளந்தேன், விபத்து நடந்த இடத்தில் டயர்க் கோடு அளப்பது மாதிரி. குனிந்து பார்த்தபோது ஒன்று அகப்பட்டது. இடது சக்கரத்தின் கோட்டில், தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை, குறுக்காக ஒரு பள்ளம் பதிந்திருக்கிறது. பள்ளத்துக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள். எண்ணினேன். ஆறு.

வண்டிக் கொட்டகைக்குப் போனேன். கிளப்பில் மொத்தம் ஒன்பது வண்டி. எட்டு வண்டியின் சக்கரங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கத்தரிப்பூ வண்டியை இரண்டு தடவை பார்த்தேன். எல்லாம் வழவழவென்று இருக்கின்றன.

மீதி ஒன்று என்னுடையது. அதைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

முதுகு வலி. ஆடப் போகவில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டில் மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்தேன். நனையக்கூடாது.

செப்டம்பர் 24, புதன்

மழை.

செண்பகம் சாக்கை எடுத்துவிட்டு, “இதை ஏங்க மூடி வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். கத்திவிட்டேன். அவள் சாக்கைத் திரும்பப் போட்டாள். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 25, வியாழன்

பேச்சியம்மாளைப் பார்க்கப் போனேன். சாமான் அறை வாசலில் உட்கார்ந்து தூக்குவாளியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏழாம் கிரீன்ல ஏத்தினது யாருன்னு உனக்குத் தெரியுமா?” என்றேன்.

என் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “தெரியும்யா. மூணு வாட்டியும் பாத்தேன்” என்றாள்.

“ஏன் சொல்லலை?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீக?”

என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆடுகிற இடத்தில் வாளியைப் போட்டது, வேலை நேரத்தில் கதை கட்டியது என்று இரண்டு பக்கம் புகார் எழுதியிருப்பேன். அவள் வேலை போயிருக்கும். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

“போன புதங்கிழமை நீ எங்க போயிருந்தே? வாளி மட்டும் கிடந்துச்சே.”

“நான் எங்கய்யா போனேன்? அங்கனதான் மண்டி போட்டு ஒக்காந்திருந்தேன். வாளிக்கு இந்தப் பக்கம். நீங்க நேரா பந்தப் பாத்துக்கிட்டே வந்தீக. ஐயா ஐயான்னேன். காத்துல கேக்கல போல. கைய வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன்.” வலது கையை நீட்டிக் காட்டினாள். நடுவிரல் நகம் கறுத்திருந்தது. “நுனிலதான் ஏறுச்சு. ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லையாம். எட்டு நாளாக அந்தக் கையோடு புல் கிளறியிருக்கிறாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

காலையில் செண்பகத்தைக் கூடத்துக்குக் கூப்பிட்டேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருக்கிற ஆணியையே பார்த்தேன். என் முகத்துக்கு இடது பக்கமாக நின்று விரலை நீட்டு, எத்தனை விரல் என்று கேள் என்றேன். ஆயிரக்கணக்கான பேருக்கு நான் வைத்த பரீட்சை. எனக்கு வைத்துக்கொண்டதில்லை.

“எத்தனை விரல்ங்க?” என்றாள்.

“கையை நீட்டிட்டியா?” என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தால், கையை நீட்டியபடியே நிற்கிறாள். அழுகிறாள். “ரொம்ப நேரமா நீட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

மருந்துப் பாட்டில் ஏப்ரல் மாதத்திலிருந்து குறையவே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியுமாம். டம்ளரை வேண்டுமென்றேதான் இடது பக்கம் வைத்தாளாம், நானாக ஒருநாள் சொல்வேன் என்று. நான் அவளைத்தான் திட்டினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சகாயத்தை நிறுத்தியது அவன் வாய்க்காக இல்லை. அவன் கண்டுபிடித்துவிட்டான், அதனால்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கமிட்டி. ஷகீலா ஒரு கோப்பு நிறையத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் எழுந்து, கொண்டுபோயிருந்த சக்கரத்தை மேசைமேல் வைத்தேன். தையலைக் காட்டினேன். மூன்று தடமும் என்னுடையவை என்றேன். இடது பக்கம் எனக்குத் தெரியவில்லை, அதை நான் மறைத்தேன், மறைத்ததற்குப் பலி கொடுக்க இந்தம்மா பெயரைச் சொன்னேன் என்றேன். பேச்சியம்மாள் விரலையும் சொன்னேன்.

ஜெயசீலன் முகம் சிவந்துவிட்டது. “உடம்பு விஷயம்னா அது வேற சார். எச்சரிக்கையோட விட்டுடலாம், விதி எழுதினதே நீங்க...” என்று ஆரம்பித்தார். யாராக இருந்தாலும் என்று போட்டிருக்கிறது, என் வாசகம்தான், படியுங்கள் என்றேன். ஒரு வருஷம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஷகீலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஆட்டவில்லை.

“பத்து நாளா இங்க என்னைத் திருடியப் பாக்கற மாதிரி பாத்தாங்க சார். கடைக்கு வர்றவங்ககூடக் கேட்டாங்க. இந்த ரூமுக்குள்ள ஆறு பேர் முன்னாடி சொன்னாப் பத்தாது” என்றாள்.

நியாயம். அங்கேயே உட்கார்ந்து, நடந்ததை ஒரு தாளில் எழுதி, பெயர் போட்டு, அறிவிப்புப் பலகையில் என் விதிகளுக்குப் பக்கத்தில் நானே ஆணி அடிக்கப் போனேன். முதல் அடி ஆணியில் விழாமல் விரலில் விழுந்தது. ஷகீலாதான் சுத்தியை வாங்கி அடித்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மதுரை. விடியற்காலை பஸ், செண்பகம் என் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நாள் முழுக்க ஏதேதோ மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். போன பார்வை போனதுதானாம். இருப்பது இருக்க வேண்டுமென்றால் ஒருவேளைகூட மருந்து தவறக்கூடாதாம். டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயசு. வண்டி ஓட்டுவதைப் பற்றி அவள் ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்: “ஃபெயில்னு எழுதுங்கம்மா.”

லைசென்ஸ் இன்றோடு முடிகிறது. அந்த லாரிக்காரன் அப்புறம் என்ன வேலைக்குப் போனான் என்று நான் ஒருநாள்கூட யோசித்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வருகிறவரை அதையேதான் யோசித்தேன். விதி சரிதான். ஆனால் அவனை எழுப்பி உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாம்.

அக்டோபர் 6, திங்கள்

சகாயம் வீட்டுக்கு நேற்றே போய்க் கூப்பிட்டிருந்தேன். “நாலு மாசத்துக்கு அப்புறம் ஞாபகம் வந்துச்சாக்கும்” என்றான். ஆனாலும் காலை ஆறே முக்காலுக்கு வாசலில் நின்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் குழியிலேயே ஆரம்பித்துவிட்டான். “ஐயா, இடப்பக்கம் பள்ளம்.” எரிச்சலாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, சரி என்றேன்.

மூன்றாம் குழியில் பின்னால் கத்தரிப்பூ வண்டி வந்தது. ஒதுங்கி நின்று வழி விட்டோம். “தேங்க்ஸ்” என்றாள், சகாயத்தைப் பார்த்து. வண்டியை அடுத்த குழிப் பக்கமாகக் கொண்டுபோய்ச் சரியாக நிறுத்தினாள்.

ஏழாம் கிரீனை நெருங்கும்போது சகாயம் என் முழங்கையைத் தொட்டான். “ஐயா, இடப்பக்கம் பேச்சியக்கா.”

நின்றேன். எனக்கு அங்கே பனியும் புல்லும்தான் இருந்தது. தலையை முழுசாகத் திருப்பினேன், தோள்வரைக்கும். மண்டியிட்டபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் பார்த்துவிட்டேனா என்று தெரிந்துகொள்வதற்காக, வலது கையை மேலே தூக்கிக் காட்டினாள்.

“அஞ்சு விரல்” என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கறுத்த நகத்தின் அடியில் புது நகம் வெளுப்பாக முளைக்க ஆரம்பித்திருந்தது.